இறுக்குவது மட்டுமே பயிற்சி அன்று

பிரசவித்த பெண்ணிடம், சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கிப் பழகுமாறு கூறுவது வழக்கமாகிவிட்டது. 1948ஆம் ஆண்டில் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கீகல் விவரித்த இப்பயிற்சி, தசை தளர்ந்தோருக்கு நற்பயன் தருவது. ஆயினும் அனைவருக்கும் அதையே சொல்வது சரியன்று.

சிலருக்குத் தசை தளர்வதில்லை. தையலின் வலியாலும் அச்சத்தாலும் இறுகியே நின்றுவிடுகிறது. சிறுநீர் உடனே வெளிவராமை, மலம் கழிக்க முக்க நேர்தல், வால் எலும்பருகே வலி, தாம்பத்திய உறவில் வேதனை ஆகியன அதன் அறிகுறிகள். எப்போதும் இறுகியிருக்கும் தசையும் சோர்ந்துவிடுவதால் அவர்களுக்கும் சிறுநீர் கசியலாம். குழப்பம் நேர்வது இங்கேதான். கசிவைக் கண்டு மேலும் இறுக்கினால் வலியே கூடும்.

இவர்களுக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சி. முழங்கால்களை மடக்கிப் படுத்து, வயிறு மெல்ல உயருமாறு மூச்சை இழுத்தால் இடுப்புத்தளம் தானே கீழிறங்கித் தளரும். மேற்கத்தியக் கழிவறையில் பாதங்களுக்கடியில் சிறு முக்காலி இட்டுக்கொள்வதும் உதவும்.

“பிள்ளை பெற்றால் வலி இருக்கத்தான் செய்யும்” என வீட்டார் கூற, கேட்க நாணிப் பலர் பொறுத்துக்கொள்கின்றனர். 6ஆவது வாரப் பரிசோதனையில் தடுப்பூசி, தாய்ப்பால் குறித்துப் பேசுகையில் இதையும் கேளுங்கள். தசை தளர்ந்துள்ளதா, இறுகியுள்ளதா என இயன்முறை மருத்துவர் பரிசோதித்துக் கூறிய பின்னரே பயிற்சியைத் தொடங்குங்கள்.