ஆர்.சி. தொலைந்த வண்டி

கர்நாடகப் பதிவெண், மலிவான விலை, ஓட்டிப் பார்த்தால் எஞ்சினிலும் குறையில்லை. ‘ஆர்.சி. புத்தகம் மட்டும் தொலைஞ்சுபோச்சு சார், நீங்களே டூப்ளிகேட் வாங்கிக்கலாம்’ என்று புரோக்கர் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்களாக வாங்க முடியாது. நகல் ஆர்.சி.க்கான படிவம் 26-இல் கையெழுத்திட வேண்டியவர், பதிவேட்டில் உரிமையாளராக இருப்பவர். விண்ணப்பம் போக வேண்டியதும் வண்டி பதிவாகியுள்ள கர்நாடக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு. தொலைந்ததற்குக் காவல் நிலையப் புகாரும் வேண்டும். நகல் ஆர்.சி. கிடைத்த பிறகுதான் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.); அதற்கும் பிறகே உங்கள் மாநிலத்தில் சாலை வரி, புது எண் எல்லாம். இந்த அலைச்சலைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எனக்குப் பயம் வேறு. தொலைந்ததாகச் சொல்லப்படும் புத்தகம் ஏதோ ஒரு ஃபைனான்ஸ்காரரின் பீரோவில் அடமானமாக இருக்கலாம். வங்கிக் கடன் என்றால் அரசின் பரிவாஹன் இணையதளப் பதிவில் தெரிந்துவிடும். கைமாற்றுக் கடனுக்கு வைத்த அடகு எந்தப் பதிவிலும் தெரியாது. வண்டியே திருட்டு வண்டியாகவும் இருக்கலாம். சேசிஸ் எண்ணை நேரில் பார்த்துப் பதிவில் உள்ளதோடு ஒப்பிடாமல் பேச்சே வேண்டாம். விற்பவருக்கும் இதில் ஆபத்து உண்டு: பெயர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவில் உள்ள உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நவீன் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே நகல் ஆர்.சி.யையும் என்.ஓ.சி.யையும் அவரே வாங்கிவந்து காட்டட்டும். அதுவரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.