கண்ணாடித் தொட்டியில் காவிரிக் கெண்டை

மேச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருபவை இரண்டு: ஒன்று பத்திரகாளியம்மன் கோயில்; மற்றொன்று செம்மறியாடு. அந்தச் செந்நிற ஆட்டின் வம்சம் கலப்படமாகிப் போகாமல் காக்க, பக்கத்திலுள்ள பொட்டனேரியில் 1978ஆம் ஆண்டு முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் நடந்து வருகிறது. நாட்டு ஆட்டுக்கு இவ்வளவு கவனம் கிடைத்திருப்பது சந்தோஷமான விஷயம். ஆனால் அதே வட்டாரத்து ஏரியிலும் வாய்க்காலிலும் துள்ளும் விரல் நீள நாட்டு மீனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சந்தையில் விலை போகாத உயிரை யார் கணக்கெடுப்பார்கள்?

இத்தனைக்கும் வீட்டில் மீன் வளர்க்கும் பழக்கம் குறைந்துவிடவில்லை, சிற்றூர்களில்கூடப் பெருகியிருக்கிறது. வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் விளக்கு, காற்றுக் குமிழி. உள்ளே நீந்துகிறவை மட்டும் நம்மவை அல்ல. கப்பி தென்னமெரிக்காவின் வடகோடியைச் சேர்ந்தது. மோலிக்கு மெக்ஸிகோ பக்கம். தங்கமீன் சீனத்துச் சரக்கு. ஏஞ்சலுக்கு அமேஸான் நதி. இவற்றில் பெரும்பாலானவை இன்று சென்னைக் கொளத்தூரில் பெருக்கப்பட்டு, பிளாஸ்டிக் பைகளில் பிராணவாயு அடைத்து வெளியூர்களுக்கு வருகின்றன. (மேட்டூரை அடுத்தும் ஒரு கொளத்தூர் உண்டு; இது அதுவல்ல.) பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில் அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் தொட்டியில் தொடங்கும் கதை தொட்டியோடு முடிவதில்லை என்பதுதான் இன்றைய பிரச்னை.

உபரி நீருடன் வருபவை

மேட்டூர் அணையின் உபரி நீரைத் திப்பம்பட்டியிலிருந்து ராட்சதக் குழாய்களில் ஏற்றி, சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் திட்டம் 565 கோடி ரூபாய் மதிப்பில் வகுக்கப்பட்டு, 2021ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது. மு. காளிப்பட்டி ஏரிக்கு முதல் தண்ணீர். மழையை நம்பியே காலம் தள்ளிய பூமிக்கு இது பெரிய வரம் என்பதை எவரும் மறுக்க முடியாது.

ஆனால் நீர்த்தேக்கத்தின் தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. மீன் முட்டையும் குஞ்சும் அதனுடன் பயணம் செய்யக்கூடும். மேட்டூரில் இருப்பவை எல்லாம் காவிரியின் சொந்தப் பிள்ளைகளும் அல்ல. கட்லா சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கோதாவரிப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. ஜிலேபிக் கெண்டை என்று ஜனங்கள் செல்லமாக அழைக்கும் திலேப்பியா 1952இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன். அது வாய்க்குள் முட்டையை வைத்துக் காக்கும். சின்னக் குட்டையிலும் பல்கிப் பெருகும். நிரம்பிய ஏரியில் குத்தகைதாரர் விடுவதும் பெருங்கெண்டைக் குஞ்சுகளைத்தான். பல ஆண்டு வறண்டு கிடந்த ஏரிக்குப் புதுத் தண்ணீர் வரும்போது, முதலில் யார் குடியேறுகிறார்களோ அவர்களுக்கே இடம் சொந்தம். சிறு நாட்டுக் கெண்டைகள் அந்தப் பந்தயத்தில் முந்தும் என்று சொல்ல முடியாது.

இதோடு வீட்டுத் தொட்டியின் பங்கும் சேர்கிறது. கண்ணாடியில் படியும் பாசியை மேய்கிறது என்று 'டேங்க் கிளீனர்' மீனை வாங்குகிறார்கள். வாங்கும்போது விரல் நீளம். வளர்ந்தால் முழங்கை நீளம். தொட்டி கொள்ளவில்லை என்றதும், கொல்ல மனம் வராமல் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். கருணையால் செய்த காரியம், விளைவோ விபரீதம். தென்னமெரிக்காவைச் சேர்ந்த அந்த முரட்டுச் செதில் மீன் தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் இன்று வலையைக் கிழித்து மீனவர்களை அழவைக்கிறது. கொசுவை ஒழிக்கக் கிணறுகளில் விடப்படும் கம்பூசியாவும் அந்நிய மீனே. அது கொசுப்புழுவுடன் நிற்பதில்லை. பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். அதே கொசுப்புழுவை விரும்பித் தின்னும் நாட்டு மீன், தலை உச்சியில் வெள்ளிப்பொட்டு மின்ன நீர்ப்பரப்பை ஒட்டியே திரிகிற பான்சாக்ஸ், நம் குளத்திலேயே உண்டு. வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டுத் தத்துப் பிள்ளை தேடிய கதைதான்.

அழகே பகையான கதை

அப்படியானால் எல்லோரும் ஏரிக்கு வலையுடன் புறப்பட்டு நாட்டு மீனைத் தொட்டிக்குக் கொண்டு வரலாமா? அங்கேதான் எச்சரிக்கை தேவை. கேரளத்து மலையோடைகளில் உள்ள ஒரு கெண்டைக்கு நேர்ந்த கதி இதற்குச் சாட்சி. உடலின் நடுவே கருங்கோடு, அதன்மேல் சிவப்புக் கோடு. 1865இல் பிரான்ஸிஸ் டே இதை வர்ணித்து, அன்றைய சென்னை கவர்னர் டெனிஸன் பெயரைச் சூட்டினார். நூற்றாண்டுக்கு மேல் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1997இல் சிங்கப்பூர் அலங்கார மீன் கண்காட்சியில் பரிசு பெற்றதும், 'மிஸ் கேரளா' என்று உலகமெங்கும் கிராக்கி. 2005 முதல் 2012 வரை, அழியும் அபாயத்திலுள்ள 30 இனங்களைச் சேர்ந்த 15 லட்சம் மீன்களாவது இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயின என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் மூன்று லட்சத்துக்கு மேல் மிஸ் கேரளாவும் அதன் நெருங்கிய உறவினமுமே. 2008இல் கேரள அரசு பிடிப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆனால் தடை மாதங்களாகக் குறித்தவை ஜூன், ஜூலை, அக்டோபர். மீன் முட்டையிடுவதோ அக்டோபர் முதல் மார்ச் வரை! மீனின் வாழ்க்கையை அறியாமல் போட்ட சட்டம் மீனைக் காக்குமா?

பின்னர் வளர்ப்புத் தொட்டியிலேயே அதைப் பெருக்கும் வழி கண்டார்கள். வழி இருந்தும் ஓடையில் அள்ளுவது மலிவாக இருக்கும்வரை வியாபாரி அள்ளத்தான் செய்வார். ஆகவே நாட்டு மீனை விரும்புகிறவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையல்ல, 'பிடித்ததா, பெருக்கியதா?' என்பதே.

பெருக்குவது எப்படி?

பெருக்குவது நினைப்பதுபோல் கடினமல்ல. கெண்டை இனத்துச் சிறு மீன்கள் முட்டையைச் சிதறிவிட்டு, திரும்பி வந்து தாமே தின்றுவிடும். தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பினால் முட்டை இடுக்கில் விழுந்து தப்பும். காலையில் தாய் தந்தையரை எடுத்துவிட வேண்டும். ஏறக்குறைய ஒரு நாளில் குஞ்சு பொரிக்கும். வைக்கோல் ஊறிய தண்ணீரில் உண்டாகும் நுண்ணுயிர்கள்தான் அவற்றின் முதல் உணவு. பான்சாக்ஸ் செடியில் ஒட்டும்படி தினம் சில முட்டைகள் இடும். பொரிக்க இரண்டு வாரம் வரை ஆகும். இவை இரண்டிலும் விசித்திரமானது ஆரஞ்சு குரோமைடு. அப்பனும் அம்மையும் முட்டைக்குக் காவல் நிற்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடலில் ஊறும் வழவழப்பையே தின்று வளரும். குழந்தைகளுக்குக் காட்டவேண்டிய காட்சி!

குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக ஒருநாள் திறந்து வைப்பது அவசியம். கிணற்று நீர் உப்பாக இருந்தால் மழைநீர் கலக்கலாம். முதல் ஜோடியை ஏரியில்தான் எடுக்க வேண்டுமென்றால், மீன் குத்தகை எடுத்தவரைக் கேட்டு நாலைந்து மட்டும் எடுப்பதே நியாயம். பெருகியதை நண்பர்களுக்குத் தரலாம், ஏரியில் விடக்கூடாது. நாட்டு மீனாயிற்றே, ஆற்றில் விட்டால் புண்ணியம்தானே என்று தோன்றும். அதுவும் தவறு.

அருளியஸ் என்ற கெண்டையை எடுத்துக்கொள்ளலாம். 1849இல் ஜெர்டன் விவரித்த, காவிரிக்கே உரிய மீன். ஊதா மினுமினுப்பு, கரும்பட்டைகள்; ஆண் மீனின் முதுகுத் துடுப்பில் நூல்கள் நீண்டு தொங்கும். அழியும் அபாயத்திலுள்ள இனமென்று சர்வதேசச் செம்பட்டியல் கூறுகிறது. ஆனால் அந்தப் பெயரில் வெளிநாட்டுக் கடைகளில் விற்பனையாவது பெரும்பாலும் தாமிரபரணியைச் சேர்ந்த வேறோர் உறவினம். 1954இல் சைலஸ் பிரித்துக் காட்டியது அது. அதைக் காவிரி மீன் என்றெண்ணி ஒருவர் மேட்டூரில் விட்டால், மிஞ்சியிருக்கும் அசலோடு அது கலந்துவிடக்கூடும். மீட்டெடுக்க இயலாத கலப்படம் அது.

ஆகவே எந்த ஆற்றில் பிடித்தது, எந்த ஆண்டு, எத்தனை தலைமுறை என்று குறித்து வைக்காத தொட்டி, எத்தனை அழகாயினும் பொழுதுபோக்கே, பாதுகாப்பு ஆகாது. ஏரிக்கு ஈடாகத் தொட்டியும் ஆகாது. மேட்டூரில் மீன்வளத் துறையின் பண்ணை ஏற்கனவே இருக்கிறது. பெருங்கெண்டைக் குஞ்சு உற்பத்தி அங்கு நடைபெறுகிறது. அங்கே இரண்டு தொட்டிகளைக் காவிரியின் சிறு மீன்களுக்கு ஒதுக்கி, ஊர் பேர் குறித்த குஞ்சுகளை வளர்ப்போருக்குக் கொடுக்கலாம். உபரி நீர் போகும் ஏரிகளில் என்னென்ன மீன் இருக்கிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை வலை போட்டுப் பார்க்கலாம். 565 கோடி செலவிட்ட திட்டத்தில் இதற்கு ஆகும் செலவு ஒரு மோட்டாரின் மின்கட்டணத்துக்குக்கூட வராது.