இலந்தை வடைக்கு அடுப்பு வேண்டாம், மரம் வேண்டும்

தை பிறந்துவிட்டால் மானாவாரிக் காட்டு வரப்புகளில் இலந்தை பழுக்கத் தொடங்கிவிடும். அப்போதெல்லாம் பள்ளிக்கூட வாசலில் சாக்கை விரித்து, இலந்தைப் பழத்தைப் படியால் அளந்து விற்கும் பாட்டிமார் இருந்தார்கள். இப்போது பெட்டிக்கடையில் இலந்தை வடை பாக்கெட் தொங்குது, பழத்தைத்தான் காணோம். ஏன்னு கேட்டால் பதில் நம்ம வரப்பிலேயே இருக்கு. ஜேசிபி வைத்து வரப்பைச் 'சுத்தம்' பண்ணும்போது முதலில் போவது முள்மரம்தான்.

மதிப்புக்கூட்டல் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். பேச்சு நேரா இயந்திரத்துக்கும் கடனுக்கும் போய்விடுகிறது. நம்ம ஆத்தாக்கள் உரலும் வெயிலும் மட்டும் வைத்துக்கொண்டு செய்த மதிப்புக்கூட்டலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இலந்தை வடைக்கு எண்ணெய், அடுப்பு எதுவுமே தேவையில்லை.

செய்முறை இதுதான். நன்றாகச் சிவந்து கனிந்த நாட்டு இலந்தைப் பழம் 1 கிலோ. ஒவ்வொன்றாகப் பார்த்து, புழுத்ததை ஒதுக்குங்கள். வேகவைக்காத பண்டம் என்பதால் கழுவுவதில் சோம்பல் கூடாது. கீழே விழுந்ததைப் பொறுக்குவதைவிட, மரத்தடியில் படுதா விரித்துக் கிளையை உலுக்குவது நல்லது. மூன்று நான்கு தண்ணீரில் அலசி, ஈரம் போக நிழலில் உலர்த்துங்கள். காய்ந்த மிளகாய் 8, கல்லுப்பு, சிறு துண்டு பெருங்காயம் மூன்றையும் உரலில் முதலில் இடித்து, கொட்டை, கோது நீக்கிய புளி 50 கிராம், வெல்லம் 100 கிராம் சேர்த்து இடியுங்கள். கடைசியில் பழத்தைப் போட்டுச் சதை நசுங்கும் அளவுக்கு இடித்தால் போதும். கொட்டை உள்ளேயே இருக்கும். சப்பிச் சாப்பிட்டுத் துப்ப வேண்டியதுதான். சின்னச் சின்ன வடையாகத் தட்டி, சுத்தமான துணியில் வைத்து, மேலே மெல்லிய துணி மூடி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் திருப்பிப் போட்டுக் காயவையுங்கள். பிட்டுப் பார்த்தால் நடுவில் ஈரம் தெரியக் கூடாது. ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். காய்ந்ததைக் கண்ணாடி ஜாடியிலோ பீங்கான் ஜாடியிலோ வைக்கலாம்.

இதுக்கு நாட்டுப் பழம்தான் சரி. சந்தையில் 'ஆப்பிள் இலந்தை' என்று வரும் பெரிய ஒட்டு ரகம் கடித்துத் தின்ன நல்லாத்தான் இருக்கும். ஆனால் அதில் நீர் அதிகம், புளிப்பு குறைவு, வடைக்கு எடுபடாது. அந்தச் சின்னப் பழத்தின் புளிப்புதான் வடைக்கு உயிர்.

"முள்ளு குத்துது, டிராக்டர் டயரு பஞ்சராகுது, நிழல் விழுந்து வெள்ளாமை குறையுது" என்று சொல்வோர் உண்டு. பொய்யில்லை. ஆனால் அதற்கு மருந்து கவாத்து. வேரோடு பிடுங்குவது இல்லை. அறுவடை முடிந்ததும் கிளையைக் கழித்துவிட்டால் புதுத் துளிரில்தான் அடுத்த காய்ப்பு வரும். கழித்த முள்ளை வேலிக்கு அடைக்கலாம். தழையை வெள்ளாடு விடாமல் தின்னும். பழ ஈ வந்து புழு வைக்கிறதா? விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கி ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். கோடையில் மரத்தடி மண்ணைக் கொத்திவிட்டால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வெயிலில் சாகும். இதுக்கு எந்த மருந்தும் தெளிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இலந்தை வடை விற்குதுன்னு தெரிந்ததும் சாயமும் சர்க்கரையும் சேர்த்து இயற்கை என்று பெயர் ஒட்டினால், நாம் எதிர்த்துப் பேசும் கடைக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை. விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். என்னென்ன சேர்த்தீர்கள், எந்தத் தேதியில் செய்தீர்கள் என்று எழுதி ஒட்டுங்கள். முதலில் நம்ம பிள்ளைகள் தின்னட்டும், மிஞ்சியது சந்தைக்குப் போகட்டும்.

மழை பொய்த்த வருசத்திலும் ஏதோ கொஞ்சம் காய்க்கும் மரம் இது. நாம் ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை. பயிர் கருகிய வருசத்தில் வரப்பிலிருந்து ஒரு கூடை பழம் வீட்டுக்கு வருவது சின்ன விசயமா? அந்த மரத்தை வெட்டிவிட்டு மதிப்புக்கூட்டல் பயிற்சிக்குப் பஸ் ஏறுவதில் அர்த்தமில்லை.

இந்தத் தையில் உங்க காட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்க. இலந்தை நின்றால் அடையாளம் கட்டி, வண்டிக்காரரிடம் "இதைத் தொடாதே"ன்னு சொல்லிவையுங்க. இல்லையென்றால் வடை தின்று துப்பிய கொட்டையைக் கழுவிக் காயவைத்து, மழைக்கு முன் வரப்போரம் ஊன்றுங்க. ஆடு எட்டாமல் இரண்டு வருசம் காத்தால் போதும். அப்புறம் முள்ளே அதற்குக் காவல்.