மன்னிப்பது யாருடைய உரிமை?

2018 நவம்பர் 19ஆம் தேதி வேலூர் மத்திய சிறையின் கதவு திறக்கப்பட்டு மூன்று பேர் வெளியே அனுப்பப்பட்டார்கள். அவர்கள் யார், எந்தக் குற்றத்துக்காக உள்ளே இருந்தார்கள், யாருடைய பரிந்துரையினால் வெளியே வந்தார்கள் என்பதையெல்லாம் தருமபுரி மாவட்டத்து வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி, அ.தி.மு.க. தலைவி ஜெயலலிதாவுக்கு எதிராகச் சென்னையில் ஒரு தனி நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைக் கேட்டுக் கொதித்த அவர் கட்சிக் கூட்டம், அத்தீர்ப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாத கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகப் பேருந்தை இலக்கியம்பட்டியில் கொளுத்தியதையும், கல்விச் சுற்றுலா வந்த மூன்று மாணவியர் அதனுள்ளேயே கருகி மாண்டதையும், இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னும் அவ்வழியே போகும்போது நினையாதவர் இந்த ஊரில் இருக்க மாட்டார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவின் பெயரால், பத்தாண்டு தண்டனை அனுபவித்த ஆயுள் கைதிகளுக்குக் காட்டப்படும் கருணை என்று இதற்கு விளக்கம் கூறப்பட்டது. அந்த விளக்கத்தை நாம் ஏற்கவில்லை. ஏற்க முடியாமைக்குரிய காரணத்தை வெளிப்படையாகச் சொல்வது நம் கடமை என்று கருதுகிறோம்.

பழிவாங்கும் எண்ணம் மனித சுபாவத்துக்கு அந்நியமானது என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை. தன்னை ஏமாற்றியவனைத் தண்டிக்க வாய்ப்புக் கிட்டினால், மனிதன் தன் கைப்பணத்தைச் செலவழித்தேனும் தண்டிக்க முன்வருகிறான் என்பதையும், அவ்வாறு தீர்மானிக்கும் கணத்தில் அவன் மூளையில் கிளர்வது இன்பத்தை எதிர்நோக்கும்போது கிளரும் அதே பகுதிதான் என்பதையும் சூரிச் நகர ஆராய்ச்சியாளர்கள் 2004ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். பசித்தவனுக்குச் சோறு தெரிவதுபோல் புண்பட்டவனுக்குப் பழி தெரிகிறது. அதனால்தான் அதை உதறித் தள்ளுவது அத்தனை கடினமாயிருக்கிறது. ஆனால் உண்ட பின் பசி தீர்வதுபோல் பழி தீர்வதில்லை. தண்டிக்க வாய்ப்புக் கிடைத்து அதைப் பயன்படுத்தியவர்கள், அந்த வாய்ப்பே கிடைக்காதவர்களைவிட அதிக நேரம் அதையே நினைத்து அதிகமாக மனம் கசந்தார்கள் என்று 2008இல் அமெரிக்க மனோதத்துவ அறிஞர்கள் எழுதினார்கள்.

இதைச் சொல்ல நமக்கு வெளிநாட்டு ஆராய்ச்சி தேவையும் இல்லை. அக்கினி வசந்த விழாவில் விடிய விடியக் கண் விழித்துப் பாரதக் கூத்துப் பார்க்கும் சீமை இது. மண்ணால் கிடத்திய துரியோதனன் படுகளத்தில் பாஞ்சாலி கூந்தல் முடியும்போது, கூடியிருக்கும் ஜனங்கள் விடும் பெருமூச்சில் பழி தீர்ந்த நிம்மதி இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் பாரதம் அங்கே முடிவதில்லை. அன்றிரவே அசுவத்தாமன் பாசறைக்குள் புகுகிறான். தன் தந்தையைக் கொன்றவனைத் தேடிப் போனவன், அதோடு நில்லாமல், உறங்கிக்கொண்டிருந்த பாஞ்சாலியின் பிள்ளைகள் ஐவரையும் வெட்டிச் சாய்த்துவிட்டு வருகிறான். பழியின் இயல்பு இதுதான். குற்றவாளியைத் தேடிப் புறப்படும். கைக்கு எட்டியவர்மேல் விழும். சென்னையில் இருந்த நீதிபதி எட்டவில்லை; இலக்கியம்பட்டியில் நின்ற பேருந்து எட்டியது. மதுரையை எரித்த கண்ணகிகூட, முதியோரையும் குழந்தைகளையும் பத்தினிப் பெண்டிரையும் பசுக்களையும் தீண்டாதே என்று தீக்கு ஆணையிட்டாள் என்கிறது சிலப்பதிகாரம். அந்த விவேகம் அன்றைய கூட்டத்துக்கு இல்லை.

இந்த இயல்பை நன்கு அறிந்த சமூகங்கள்தாம், பழியைத் தனி மனிதன் கையிலிருந்து வாங்கி நீதிமன்றத்தின் கையில் ஒப்படைத்தன. அது ஓர் ஒப்பந்தம். என் மகளைக் கொன்றவனை நான் தொட மாட்டேன், நீ நியாயம் செய் என்று தகப்பன் சொல்கிறான். செய்வேன் என்று அரசு வாக்களிக்கிறது. அம்மூன்று மாணவியரின் பெற்றோர் தங்கள் பக்கத்து வாக்கை அணுவளவும் பிசகாமல் காப்பாற்றினார்கள். அவர்கள் யார்மேலும் கல்லெறியவில்லை. யார் வீட்டுக்கும் தீ வைக்கவில்லை. கிருஷ்ணகிரியில் நடந்த முதல் விசாரணையில் சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராய்ப் பிறழ்ந்தபோதும், அவர்களுள் ஒரு தகப்பனார் உயர் நீதிமன்றத்தின் படியேறி, வழக்கைச் சேலத்துக்கு மாற்றி முதலிலிருந்து விசாரிக்கும்படி கேட்டுப் பெற்றாரேயன்றி, வேறு வழி தேடவில்லை. 2007 பிப்ரவரியில் சேலம் நீதிமன்றம் மூவருக்கு மரண தண்டனை விதித்தது. அவ்வாண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றமும், 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. மகள் எரிந்த நாளிலிருந்து பத்தரை ஆண்டுகள், ஒவ்வொரு வாய்தாவுக்கும் காத்திருந்து காத்திருந்து, பழியை அடக்கிக்கொண்டு வாழ்ந்த பெற்றோரின் பொறுமையைக் காட்டிலும் பெரிய ராஜபக்தியை எந்த அரசு எந்தப் பிரஜையிடம் எதிர்பார்க்க முடியும்?

2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கூட்டத்தின் ஆவேசத்தில் நிதானம் இழந்து செய்த செயல் என்ற காரணத்தைக் கொண்டு மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. அதை நாம் குறை கூறவில்லை. தூக்குக் கயிற்றால் எந்தப் பெற்றோரின் துயரும் தீர்ந்துவிடாது. ஆனால் எந்தக் காரணத்தைக் காட்டி உயிரைக் காத்தார்களோ, அதே காரணத்தை மறுபடியும் காட்டி, கொல்லும் நோக்கம் அவர்களுக்கு இல்லை என்று சொல்லி, 2018இல் விடுதலையும் கொடுத்தார்கள். ஒரே நாணயத்தை இரண்டு கடைகளில் செலவழிக்க முடியுமா? மரண தண்டனையிலிருந்து ஆயுளுக்குக் குறைக்கப்பட்டவர் பதினான்கு ஆண்டுகளாவது சிறையில் இருக்க வேண்டும் என்றது அன்று நடப்பிலிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433-ஏ பிரிவு. அந்த வேலியைத் தாண்டுவதற்கு அரசியல் சட்டத்தின் 161ஆம் ஷரத்து ஏணியாக்கப்பட்டது. ஆளுநரிடமிருந்து ஒருமுறை திரும்பி வந்த கோப்பு, மீண்டும் எழுதப்பட்டு, மீண்டும் அனுப்பப்பட்டுக் கையெழுத்து பெற்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் இருபத்தேழு ஆண்டுகளாகச் சிறையில் இருந்த வேறு எழுவரைப் பற்றிய பரிந்துரை அவ்வாண்டு செப்டம்பர் முதல் கிடப்பில் இருக்க, இந்தக் கோப்புக்கு மட்டும் இவ்வளவு வேகம் வந்தது எப்படி?

நம் நெஞ்சை அறுப்பது விடுதலையைக் காட்டிலும், அதை வழங்கியவர்கள் யார் என்பதே. ஒரு தலைவிக்கு நேர்ந்த தண்டனைக்குப் பழியாக அந்தத் தீ வைக்கப்பட்டது. யாருடைய கொடியின்கீழ் அந்தக் கூட்டம் திரண்டதோ, அதே கொடியின்கீழ் இருந்தவர்களே 2018இல் இந்தக் கருணையின்மேல் முடிவெடுத்தார்கள். அடிபட்டவன் மன்னித்தால் அது கருணை. அடித்தவன் தரப்பு மன்னித்தால் அதற்குப் பெயர் வேறு. மன்னிக்கும் உரிமை இந்த உலகத்தில் யாருக்காவது இருந்தால், அது அந்த மூன்று வீட்டுத் தாய் தந்தையருக்கே உண்டு. கோப்பு பயணம் செய்த நெடிய வழியில் அவர்கள் வீட்டு வாசல் ஒரு தங்குமிடமாகக்கூட இல்லை. அரசியல் நோக்கத்தோடு வழங்கும் தண்டனைக் குறைப்பு செல்லாது என்று 2006இல் ஆந்திர மாநில வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது; அதை அறியாதவர்கள் கோட்டையில் இல்லை.

இந்தக் கட்சியின் ஆட்சி பழியின் பக்கம் நின்றது இது முதல் தடவையும் அன்று. 1992 ஜூனில் அரூர் வட்டத்து வாச்சாத்தியில் சந்தனக்கட்டை தேடப்போன வனத்துறை ஊழியருக்கும் ஊராருக்கும் கைகலப்பு நேர்ந்தது. அதற்குப் பழி தீர்க்க, 20ஆம் தேதி அரசாங்கமே சீருடை அணிந்து புறப்பட்டது. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஒரு பழங்குடிக் கிராமத்தைச் சூறையாடின. பதினெட்டுப் பெண்கள் மானபங்கத்துக்கு ஆளானார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றார்கள் அன்று அதிகாரத்தில் இருந்தவர்கள். உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட மூன்று ஆண்டுகள் ஆயின. தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பளிக்கப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்தே போனார்கள்.

2012 நவம்பர் 7ஆம் தேதியை மறக்க முடியுமா? அதே கட்சியின் ஆட்சியில், சாதி கடந்த ஒரு மணத்துக்குப் பழியாக இம்மாவட்டத்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. மணமக்கள் முன்னரே காவல்துறையின் பாதுகாப்பை நாடியிருந்தார்கள். பல நாட்களாக ஊர் புகைந்துகொண்டிருந்தது. மரங்களை வெட்டிச் சாலையை மறிக்கும்வரை அதிகாரிகளுக்கு எதுவும் தெரியவில்லை. அங்கேயும் அதே பழி, அதே தீ. இருவர் செய்துகொண்ட மணத்துக்கு இருநூறு குடும்பங்கள் தண்டனை அனுபவித்தன. கைக்கு எட்டியவர்மேல் விழும் பழியை ஒருமுறையேனும் முன்கூட்டித் தடுத்த பெருமை இவர்களுக்கு உண்டா? தடுக்காதவர்கள், தண்டித்த பிறகாவது தண்டனையைக் காத்தார்களா?

பேருந்தை எரித்த மூவர் விடுதலையான மறுநாள், 1984இல் தில்லியில் பிரதமரின் கொலைக்குப் பழியாகச் சீக்கியர்களைக் கொன்ற வழக்கொன்றில், தலைநகரத்து நீதிமன்றம் ஒருவருக்கு மரண தண்டனையும் மற்றொருவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்தும் அங்கே ஒரு நீதிபதி, தலைவர்களின் பெயரால் பழி தீர்த்தவர்களைச் சட்டம் மறக்காது என்று காட்டினார். இங்கே பதினெட்டே ஆண்டுகளில், தலைவியின் பெயரால் பழி தீர்த்தால் நம்மவர்கள் ஒருநாள் கதவைத் திறந்துவிடுவார்கள் என்ற பாடம் கற்பிக்கப்பட்டது. அடுத்த முறை ஒரு தீர்ப்பு வெளியாகும் நாளில், பெட்ரோல் கேனைக் கையில் எடுக்கும் எந்த இளைஞனை இந்தப் பாடம் தயங்க வைக்கும்?

சிறைகளில் நீண்டகாலம் வாடுவோர்க்கு விடுதலை கிட்டுவதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் கருணைக்கும் கட்சிக்கும் இடையே ஒரு சுவர் வேண்டும். இழந்தவர்களின் குரல் கேட்கப்படும் ஒரு முறை வேண்டும். தாம் கையெழுத்திடுவது யாருடைய துயரத்தின்மேல் என்பதை ஆள்வோர் உணர வேண்டும். அதற்கான வழியை நாட்டின் நலம் நாடுவோர் கூடி ஆலோசித்துக் காண வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் பதினெட்டு ஆண்டுகளாகப் பழியை அடக்கிக்கொண்டு சட்டத்தின் வாசலில் நின்றார்கள். கொடுத்த வாக்கை அவர்கள் காப்பாற்றிவிட்டார்கள். வாக்கு மீறியது அரசு.