முதலில் யார்?

ஆஸ்பத்திரி வாசலில் முதலில் கவனிக்கப்பட வேண்டியவர் யார்? முந்தி வந்தவரா, பெரிய மனிதரின் சிபார்சுடன் வந்தவரா, உரக்கக் கூவுகிறவரா? இம்மூவரும் அல்லர், உயிருக்கு அதிக ஆபத்துள்ளவரே என்பது வைத்திய சாஸ்திரம் கண்ட முடிவு. நெப்போலியனுடைய சேனையில் ரணவைத்தியராயிருந்த லாரே என்பவர், பதவியையும் அந்தஸ்தையும் பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே சிகிச்சை செய்ய வேண்டுமென்று வற்புறுத்தினார். சக்கரவர்த்தியின் சேனைக்கு ஏற்ற நியாயம் குடியரசின் தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஏற்காதா?

லால்குடியைப் போன்ற ஊரில் இது வெறும் ஏட்டுப் பேச்சன்று. ஒருபுறம் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் விரையும் சாலை. மறுபுறம் பாம்புகள் உலவும் நெல் வயல்களும் வாழைத் தோட்டங்களும். இருவர் ஒரே சமயத்தில் ஆஸ்பத்திரிக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வாலிபன், சாலையில் விழுந்து மண்டைத்தோல் கிழிந்து, ரத்தம் வழிய அலறுகிறான். மற்றவர், இரவு தரையில் படுத்துறங்கிய விவசாயி. வயிறு வலிக்கிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை என்று மெல்லச் சொல்கிறார். கூடியிருப்போர் அனைவரும் வாலிபனுக்கே வழிவிடுவர். ஆனால் கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியும் வீக்கமும் இரா. பல் பட்ட தடங்கூடத் தெரியாமற் போகலாம். இமை சரிவது விஷம் நரம்புகளைப் பற்றியதற்கு அடையாளம். சில மணி நேரத்தில் மூச்சே நின்றுவிடக்கூடும். "இரவு எங்கே படுத்திருந்தீர்கள்?" என்று கேட்கத் தோன்றும் நர்ஸின் புத்தியே அங்கு முதல் மருந்து.

அந்த வாலிபனையும் மறந்துவிடலாகாது. காயத்தை அழுத்திக் கட்டி உட்காரவைத்த பின்பும் அடிக்கடி பார்த்துவர வேண்டும். அவன் வாந்தியெடுத்தாலோ, பேச்சுக் குழறித் தூக்கம் சொக்கினாலோ, அவனுடைய வரிசையும் உடனே மாற வேண்டும். வகை பிரித்தல் ஒருமுறை செய்து முடிக்கும் காரியமன்று.

நமது ராஜ்யத்தில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸுகள் ஓடுகின்றன. விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வகுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. இவற்றை மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் வர்ணச் சீட்டு தானாகச் சிந்திக்காது. அதைக் கட்டும் கைதான் சிந்திக்க வேண்டும்.

1956 நவம்பர் 23-ந் தேதி, லால்குடி வழியே செல்லும் ரயில் மார்க்கத்தில், அரியலூருக்கருகே மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2004 ஜனவரி 23-ந் தேதி ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபமொன்றில் பற்றிய தீ ஐம்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அத்தகைய தினத்தில் ஊரே ஒரு வாசலில் வந்து நிற்கும். அன்று யாரை முதலில் எடுப்பது என்ற நிதானம் அன்றே பிறந்துவிடாது. சாதாரண நாட்களில் பழகியிருந்தால்தான் கைகொடுக்கும்.

ஆகவே சுகாதார இலாகாவை நாம் கேட்பது இதுவே. தாலுகா ஆஸ்பத்திரிகளில் இரவு பகல் எந்நேரமும், இவ்வேலையில் தேர்ச்சி பெற்ற நர்ஸ் ஒருவர் வாசலில் இருக்க வேண்டும். மருந்து எடுத்துக் கொடுக்கவும் ரிஜிஸ்டர் எழுதவும் அவரை இழுக்கலாகாது. டாக்டர் வந்து பார்த்து மாற்றும் வரையில் அவருடைய தீர்ப்பே நிற்க வேண்டும். அதை டெலிபோனில் மாற்றும் உரிமை எந்தப் பிரமுகருக்கும் இல்லையென்பதை இலாகா பகிரங்கமாக அறிவிக்க வேண்டும்.

பொதுஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. நம் உறவினரைக் காத்திருக்கச் சொல்லும் நர்ஸ் நமக்கு விரோதியல்லர். உள்ளே ஓர் உயிர் ஊசலாடுகிறதென்பதே அதன் பொருள். நாளை அந்த உயிர் நம் வீட்டு உயிராகவும் இருக்கலாம். அன்று அதே நர்ஸ் மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்வார்.