கஞ்சாச் சரையும் தண்டப்பணமும்

கஞ்சா நல்லதென்று வாதாட இதை எழுதவில்லை. வளரும் பருவத்துப் பிள்ளையின் ஞாபகசக்தியையும் படிப்பையும் அது கெடுக்கும். சிலரை மனநோய்க்கும் இட்டுச்செல்லும். தாய்மாரின் பயம் நியாயமானது. நான் கேட்பது வேறொன்று. சட்டைப்பையில் ஒரு சரையுடன் பிடிபடும் இளைஞனுக்குக் கஞ்சா செய்வதிலும் பார்க்கப் பெரிய கேட்டைச் சட்டம் செய்யலாமா?

இந்நாட்டில் கஞ்சாவைத் தடைசெய்வது 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம். பலமுறை திருத்தப்பட்டும், தன் பாவனைக்குச் சிறிதளவு வைத்திருப்பவன் அதன் கண்ணில் இன்றும் குற்றவாளியே. நீதவான் தண்டம் விதித்தால் வசதியுள்ளவன் கட்டிவிட்டு மத்தியானத்துக்குள் வீடு திரும்புவான். சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் குத்தகை நிலத்தில் வெங்காயம் வைப்பவன் எங்கே போவான்? விதைநெல்லுக்கு வைத்த காசு போகும், இல்லையேல் மனைவியின் தோடு அடகுக்குப் போகும். அதுவும் இல்லாவிட்டால் மறியல்தான். ஆண்டுதோறும் தண்டனை பெற்றுச் சிறைக்கு வருவோரில் பெரும்பாலானோர் தண்டப்பணம் கட்ட வழியற்றவர்களே என்று சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிபரங்கள் நீண்டகாலமாகச் சொல்கின்றன. அவர்கள் எல்லோரும் கஞ்சாக்காரர் அல்லர். அநேகமாக எல்லோரும் ஏழைகள்.

வெளியே வந்த பின்னும் பதிவு நிற்கும். வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் அறிக்கை கேட்கையில் அது முன்னால் வரும். இடம்பெயர்ந்து அத்தாட்சிப் பத்திரங்களுக்காக அலைந்த உங்களுக்கு, ஒரு கடதாசி வாழ்க்கையை எப்படி மறிக்கும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இன்னொரு புறம் பாருங்கள். பாக்குநீரிணை ஊடாக மூட்டை மூட்டையாகக் கேரளக் கஞ்சா வருகிறது. அதற்குப் பணம் போட்டவனின் பெயர் பத்திரிகையில் வரக் காண்பது அரிது. 2025 இல் ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அரசு அனுமதி வழங்க முன்வந்தது. முதலீட்டாளருக்குப் பயிர், நம் பிள்ளைக்கு மறியலா?

ஜமைக்கா கஞ்சாவுக்குப் பேர்போன தீவு. அங்கே 2015 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இரண்டு அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 57 கிராம் வரை வைத்திருப்பவரைக் கைதுசெய்வதில்லை. வீதி ஒழுங்கை மீறியவருக்குப் போல ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். 500 ஜமைக்கா டொலரை 30 நாட்களுக்குள் கட்டினால் குற்றப்பதிவு இல்லை. கட்டாதவருக்கு நீதிமன்றம் சமூக சேவை விதிக்கலாம். 18 வயதுக்குட்பட்டவரைப் போதைத் தடுப்புச் சபையின் ஆலோசனைக்கு அனுப்புகிறார்கள். பழைய சிறு பதிவுகளை அழிக்க 2014 இலேயே வழிசெய்துவிட்டார்கள். கடத்தல் அங்கே இன்றும் குற்றமே.

இங்கும் அப்படியொரு திருத்தம் வேண்டும். அதுவரை கையிலுள்ளதையாவது பயன்படுத்தலாம். 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம், அதற்கு உட்படும் வழக்குகளில், மறியலுக்குப் பதிலாகச் சம்பளமற்ற பொதுவேலையை விதிக்க நீதவானுக்கு இடமளிக்கிறது. குளக்கட்டைச் செப்பனிடுகிறவன் மாலையில் தன் பிள்ளைகளிடம் திரும்புவான். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளை பிடிபட்டால், வெட்கத்தில் ஒளித்து வைக்காமல், வழக்கு எடுக்குமுன் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போய் இச்சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள்.