தண்டம் கட்டவும் வழியில்லாத தமிழர்

இசைவின்றி ஒரு நாட்டிற்குள் வந்து வாழ்வோர், தண்டத்தொகை கட்டிவிட்டு முறைப்படி வாழும் உரிமையைப் பெறலாமா? அமெரிக்காவில் இவ்வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏறத்தாழ 27 இலக்கம் பேர் அங்கு நிலையான வாழ்வுரிமை பெற்றனர். 2013-இல் அந்நாட்டு மேலவை நிறைவேற்றிய சட்டவரைவோ 2,000 தாலர் தண்டமும், குடியுரிமைக்குப் பதின்மூன்றாண்டுக் காத்திருப்பும் கேட்டது. கீழவை அதனை எடுத்துக்கொள்ளவே இல்லை.

தண்டம் குற்றத்திற்கு உரியது. கட்டியவுடன் அக்குற்றம் தீர்தல் வேண்டும். பிழைப்புத் தேடி எல்லை கடந்தவனிடம் அவன் ஆற்றலுக்கேற்ற தொகையை வாங்கிக்கொண்டு அவனைக் குடிமகனாக்குவது முறையே. கட்டிய பின்னும் கதவு திறவாதாயின் அது தண்டமன்று, பகற்கொள்ளை! உயிர் தப்பி வந்தவனிடமோ தண்டம் கேட்கவே இடமில்லை. வீடு பற்றியெரிகையில் வேலி தாண்டி ஓடிவந்தவன்மேல் வேலி தாண்டிய குற்றம் சாற்றுவார் உண்டோ?

உண்டு! இந்திய நடுவணரசு அதனைத்தான் செய்து வந்துள்ளது. 1983-ஆம் ஆண்டு இனக்கொலைக்குப் பின் கடல் கடந்து வந்த ஈழத்தமிழரை அது 'சட்டமுறையற்ற குடியேறிகள்' என்றே கருதியது. அவ்வாறு கருதப்படுவோர் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கவும் இயலாதவாறு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் கதவை அடைத்தது. 2019-இல் அக்கதவு பாக்கித்தான், ஆப்கானித்தான், வங்கநாடு ஆகிய மூன்று நாடுகளின் ஆறு சமயத்தார்க்கு மட்டும் திறக்கப்பட்டது. அவ்வாறு சமயங்களுள் இந்து சமயமும் உண்டு, கிறித்தவமும் உண்டு. இவ்விரண்டையும் சார்ந்த ஈழத்தமிழர்க்கு மட்டும் இடமில்லை!

2025-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், கடவுச்சீட்டின்றி நுழைவோர்க்கு ஐந்தாண்டுவரை சிறையோ, 5 இலக்கம் உருபாவரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கின்றது. 2015 சனவரி 9-ஆம் நாள்வரை வந்து பதிவு செய்துகொண்ட ஈழத்தமிழர்க்கு அவ்வாண்டே விலக்கு அளிக்கப்பட்டது. நன்று! ஆனால், ஒறுப்பை நீக்கிய ஆணை உரிமையை வழங்கவில்லை. குற்றமில்லை என்று கூறிவிட்டுக் குடியுரிமையும் இல்லை என்பது எந்நாட்டு முறைமை?

மண்டபம் முகாமில் பிறந்த பிள்ளை எந்தக் கடலைக் கடந்தது? எந்த எல்லையை மீறியது? ஆயினும், பெற்றோர் இருவரும் ஏதிலியராயின், 1987 சூலை 1-க்குப் பின் பிறந்த பிள்ளை இம்மண்ணிற் பிறந்தும் இந்நாட்டுக் குடியன்று. செய்யாத குற்றத்திற்கு வாழ்நாள் முழுதும் அது கட்டிவரும் தண்டத்தை எந்தத் தாலரால் அளப்பது?

அயல்நாட்டான் தண்டம் வாங்கியேனும் உரிமை தருவதைப் பற்றிப் பேசுகின்றான். இங்கோ, தமிழன் கட்ட முன்வந்தாலும் வாங்குவாரில்லை. ஈழத்தமிழர் கேட்பது இரக்கமன்று, உரிமை. 2003-ஆம் ஆண்டுத் தடை அவர்கள் பொருட்டு நீக்கப்படல் வேண்டும். அதனைக் கேட்டுப் பெறும் கடமை தாய்த்தமிழகத்தினுடையது. தமிழகம் வாய்மூடி இருக்குமாயின் அவ்வாய்மூடலே குற்றம். அதற்குரிய தண்டத்தை வரலாறு வாங்காமல் விடாது!